ஆடு நமக்காக நிற்காது

குழந்தைகள் புத்தகத்துக்கு ஆடு வரைய வேண்டுமென்றால், தெருவில் ஆடு மேயும் இடத்தைத் தேடிப் போய்விடுவேன். புகைப்படம் பார்த்து வரைவது எளிது. படத்திலுள்ள ஆடு அசையாது. தெரு ஆடு அப்படியா? தலையை வரைந்து முடிப்பதற்குள் திரும்பிக்கொள்ளும். காலுக்கு வருவதற்குள் படுத்துவிடும். அதனால் ஒரே தாளில் நாலைந்து படங்களைத் தொடங்கி வைப்பது வரைபவர்களின் வழக்கம். பழைய நிலைக்கு ஆடு திரும்பும்போது, விட்ட கோட்டைத் தொடரலாம். அதன் போக்குக்கு நாம் வளைய வேண்டும்.

அப்படி உட்கார்ந்து பார்த்தால்தான் பலதும் தெரியவரும். ஆட்டின் கண்மணி வட்டமாக இல்லை, படுக்கைவாட்டில் நீண்டிருக்கிறது. மாடு எழும்போது பின்பக்கத்தை முதலில் தூக்குகிறது; குதிரை முன்கால்களை முதலில் ஊன்றுகிறது. நாயின் பின்காலில் பின்னோக்கித் துருத்தி நிற்பது முட்டி அல்ல, குதிகால். நாய் விரல்களால்தான் நடக்கிறது.

கதையில் விலங்குகள் பேசும், சட்டை போடும். பிறகு எதற்கு இவ்வளவு உண்மை? தன் கதையில் பீட்டர் என்ற முயலுக்கு நீலக் கோட்டு மாட்டிய எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர், தான் வளர்த்த முயல்களை ஆண்டுக்கணக்கில் வரைந்தவர். 1902இல் வார்ன் பதிப்பகம் வெளியிட்ட அந்தக் கதையில், பீட்டர் உயிர் தப்ப நாலு காலில் ஓடுகிறது. அப்போது நம் நெஞ்சு பதைப்பதற்குக் காரணம், அந்த உடம்பு நிஜ முயலின் உடம்பு என்பதுதான். வாத்துக் குடும்பத்தின் கதையை 1941இல் வெளியிட்ட அமெரிக்க ஓவியர் ராபர்ட் மெக்ளாஸ்கி, நியூயார்க்கில் தன் வீட்டுக்கே வாத்துகளை வாங்கி வந்தார். முழங்காலிட்டுத் தவழ்ந்து, அவற்றின் பின்னாலேயே போய் வரைந்தார். மறு ஆண்டு, சிறந்த படப்புத்தகத்துக்கான கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. பதக்கத்தைவிட, அவர் வாத்தின் உயரத்துக்குக் குனிந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நகரத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் நரியும் முதல் முயலும் புத்தகத்தில்தான் அறிமுகமாகின்றன. நாம் காட்டுவதை அவர்கள் அப்படியே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் கடன்பட்டவர்கள்.

விலங்குக்கும் நாம் கடன்பட்டவர்கள். பால், கறி, காவல், கதை என்று எதையாவது எதிர்பார்த்தே அதை நெருங்குகிறோம். மனிதர்களிடமும் பெரும்பாலும் இப்படித்தான் பழகுகிறோம். நம் தேவையை ஒதுக்கி வைத்துவிட்டு, எதிரில் இருக்கும் உயிர் தன்பாட்டுக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே அன்பின் முதல் படி என்று நம்புகிறேன். நரிக்குத் தாராளமாகச் சட்டை தைக்கலாம். முதலில் அதன் தோள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.