சந்தேகத்துக்கு ஒரு தனி நோட்டு

எழுத ஆசைப்படும் இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "எனக்கு எழுத வருமா?" என்றுதான். கதையை எங்கே தொடங்குவது, உரையாடலை எங்கே நிறுத்துவது என்று கேட்பவர்கள் குறைவு. "எழுத வருமா" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது; யாரிடமும் இருக்க முடியாது. ஆனால் அது ஆளை எப்படி வாட்டும் என்று தெரியும். எழுதிய பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு, நடுராத்திரி வரை அதையே கேட்டபடி நானும் உட்கார்ந்திருந்திருக்கிறேன். ஒரு புத்தகம் வந்துவிட்டால், நாலு பேர் பாராட்டிவிட்டால் இந்தச் சந்தேகம் போய்விடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். போகாது. அது போன பிறகுதான் எழுத உட்கார வேண்டும் என்ற நினைப்பே பலரை எழுதவிடாமல் செய்கிறது.

நம் பழைய புலவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். காப்பியத்தின் தொடக்கத்திலேயே அவையடக்கம் என்று சில பாட்டுகளை ஒதுக்கி, தங்கள் குறையைச் சபையறியச் சொல்லிவிடுவார்கள். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையைப்போல இராமன் கதையைச் சொல்லப் புகுந்ததாகக் கம்பர் சொல்கிறார். இதை மரபு, சம்பிரதாயப் பணிவு என்று வகுப்பில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வால்மீகி பாடி முடித்த கதையை இன்னொரு மொழியில் திரும்பப் பாட வந்தவருக்கு அந்த அச்சம் நிஜமாகவே இருந்திருக்கும். அதற்கு அவர் கொடுத்த இடத்தின் அளவைத்தான் பார்க்க வேண்டும். பாயிரத்தில் சில பாட்டுகள். அதற்கப்புறம் பத்தாயிரத்துக்கும் மேல்.

அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் வேறொரு காலத்தில், வேறொரு தேசத்தில் கிட்டத்தட்ட இதையே செய்திருக்கிறார். 1938 மே மாதம், பாடுபட்டு எழுதிய ஒரு நையாண்டி நாவலை மோசமான புத்தகம் என்று தானே முடிவுசெய்து அழித்துவிட்டார். அந்த மாதக் கடைசியில், கலிபோர்னியாவின் லாஸ் கேட்டோஸ் வீட்டில், ஓக்லஹோமாவில் நிலத்தை இழந்து பிழைப்புத் தேடி வரும் ஒரு விவசாயக் குடும்பத்தின் கதையை எழுத உட்கார்ந்தார். கூடவே ஒரு நாட்குறிப்பும் வைத்துக்கொண்டார். பெரும்பாலும் நாவலைத் தொடும் முன் அதில் எழுதுவார். பக்கத்தில் யாரோ வீடு கட்ட ஆணி அடிக்கும் சத்தம், துணி துவைக்கும் இயந்திரத்தின் இரைச்சல், தன் புத்தகங்களை வெளியிட்ட பதிப்பகம் திவாலான கவலை என்று எல்லாமே அதில் வரும். இவற்றுக்கு நடுவே, நான் எழுத்தாளனே இல்லை, என்னையும் ஊரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றும் எழுதுகிறார். எழுதிவிட்டு நாவலின் அடுத்த பக்கத்துக்குப் போகிறார். ஐந்து மாதம் இப்படியே போனது. அக்டோபர் 26-ம் தேதி கதை முடிந்தபோதுகூட, இது நன்றாக வந்திருக்க வேண்டுமே என்று கடவுளை வேண்டுகிறாரே தவிர, நன்றாக வந்துவிட்டது என்று சொல்லவில்லை. அதுதான் 1939-ல் வெளிவந்த 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'. அந்த நாட்குறிப்பு அவர் காலத்துக்குப் பிறகு, 1989-ல் அச்சானது. நாவலைவிட அதை நான் அதிக முறை எடுத்துப் படிக்கிறேன். அன்றாடச் சந்தேகம் அன்றாடம் அந்த நோட்டில் இறங்கிவிட்டதால், நாவலின் பக்கங்களில் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று என்று நினைக்கிறேன்.

ஒதுக்கிவைத்தால் மட்டும் போதாது. சந்தேகம் வந்தால் அதை ஒரு வரியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். "நான் எழுதுவது எதுவும் தேறாது" என்ற எண்ணத்தோடு யாராலும் மல்லுக்கட்ட முடியாது. "இந்த வரி ஏன் பொய்யாகத் தெரிகிறது?" என்று கேட்டால் கைக்கு வேலை கிடைக்கும். தறியை விற்றுவிட்ட ஒரு நெசவாளியைப் பற்றிய கதையில், "சொல்லொணாத் துயரம் அவர் நெஞ்சை நிறைத்தது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். கதை முழுவதுமே வீண் என்று தோன்றிக்கொண்டிருந்தது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது நாக்கு இடறியது அந்த ஒரு வரியில்தான். அதில் தறியும் இல்லை, மனுஷரும் இல்லை. அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகும், சாயங்காலம் வரை அவர் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்." மிதிப்பதற்கு மிதிகட்டை இல்லாத குழி. அன்றைக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, ஆனால் நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்னொரு விதமான சந்தேகம் இருக்கிறது. அதற்கு நான் அதிகம் அஞ்சுகிறேன். நல்ல எழுத்தைப் படித்ததும் வருவது அது. கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைப் படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தவர்கள் என்னைப்போல் நிறையப் பேர் இருப்பார்கள். அப்போதெல்லாம் எனக்குக் கி. ராஜநாராயணன்தான் நினைவுக்கு வருவார். இருவரும் கோவில்பட்டி அருகே இடைசெவலில், ஒரே ஆண்டில், 1923-ல் பிறந்த பால்ய சிநேகிதர்கள். அழகிரிசாமி சென்னைக்கும் மலேயாவுக்கும் போய்ப் பத்திரிகைகளில் இருந்து பெரும் பேர் வாங்கினார். பள்ளிப் படிப்பையே முடிக்காத கி.ரா. அப்போது ஊரிலேயே இருந்தார். முப்பது வயதைத் தாண்டித்தான் கதை எழுத வந்தார். அடுத்த வீட்டுக்காரர் போன்ற நண்பன் அப்படி எழுதிக்கொண்டிருக்கும்போது, நமக்கெதற்கு என்று அவர் சும்மா இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ கரிசல் காட்டுச் சம்சாரி பேசுகிற பேச்சையே எடுத்துக்கொண்டு 'கோபல்ல கிராமம்' வரைக்கும் போனார். அந்தச் சொற்களைத் திரட்டி ஒரு வட்டார வழக்கு அகராதியே போட்டார். இடைசெவல் மண் இருவருக்கும் பொது. ஆனாலும் 'கோபல்ல கிராம'த்தை அழகிரிசாமி எழுதியிருக்க முடியாது, 'ராஜா வந்திருக்கிறா'ரைக் கி.ரா. எழுதியிருக்க முடியாது.

எங்கள் தெருவில் நூல் விலை ஏறியபோது தறியைப் பிரித்து விற்றவர்களில் மூன்று வீட்டுக்காரர்களை எனக்குப் பேர் சொல்லித் தெரியும். பாவு எந்தத் திண்ணையிலிருந்து எந்த வேப்பமரம் வரை நீளும் என்பதும் தெரியும். அழகிரிசாமி அந்தத் தெருவுக்கு வந்ததே இல்லை.