மொழி போன வீட்டில் மாரியம்மன்

குவாதலூப், மார்த்தினிக் ஆகிய இரு கரிபியத் தீவுகளும் இன்றுவரை பிரான்சின் பகுதிகள். அங்கே முத்துசாமி, ராமசாமி, சிதம்பரம் போன்ற குடும்பப் பெயர்களோடு வாழ்கிறவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல், பள்ளியிலும் அலுவலகத்திலும் பேசுவது பிரெஞ்சு. இவர்களுடைய முன்னோர்களில் பெரும்பாலோர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள். அவர்கள் கொண்டுபோன தமிழ் அன்றாடப் பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் மாரியம்மனும் மதுரை வீரனும் இருக்கிறார்கள். தப்பு அடிக்கிறார்கள், கிடா வெட்டி வாழையிலையில் விருந்து போடுகிறார்கள். மொழி போன பிறகும் இவை எப்படி நின்றன?

1848இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை வந்ததும் முதலாளிகள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கையும் 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பையும் அடைந்தது. அடுத்த முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். நோயிலும் கடும் வேலையிலும் ஏராளமானோர் மாண்டனர். ஊர் திரும்பியவர்கள் சிறுபான்மையினர். கூலிகள் நடத்தப்பட்ட விதம் பற்றிய புகார்கள் பெருகியதால் 1888இல் ஆங்கில அரசே குவாதலூப்புக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

ஆட்களுக்கு முன்பே இந்தக் கரையின் துணி அங்கே போயிருந்தது. சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணிக்குக் கரிபியத்தில் ‘மெட்ராஸ்’ என்றே பெயர். ஆப்பிரிக்க வழிப் பெண்கள் அதைத் தலையில் கட்டிக்கொண்டார்கள்; இன்று அது அந்தத் தீவுகளின் விழாக்கால உடை. அதே கரையில், சதுரங்கப்பட்டினத்தில் சிதைந்து நிற்கும் டச்சுக் கோட்டையும் பருத்தித் துணி வணிகத்தால் வளர்ந்ததுதான். 1782 பிப்ரவரியில் அந்தக் கடலில் ஆங்கில, பிரெஞ்சுக் கப்பற்படைகள் மோதின. அதே போரில், அதே ஆண்டில், ஆங்கிலேயர் கரிபியக் கடலில் பிடித்த ஒரு பிரெஞ்சுக் கப்பலில் மாங்கன்றுகள் இருந்தன. அவை ஜமைக்காவில் வேர்விட்டன. ஆக, கூலிகள் போய் இறங்கியபோது கரிபியத் தீவுகளில் மாவும் புளியும் தென்னையும் இருந்தன. புயலும் அவர்கள் அறிந்ததே. மாதம்தான் வேறு, அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை. எரிமலை மட்டும் முற்றிலும் புதிது. குவாதலூப்பில் தமிழ் வழியினர் மிகுதியாக வாழும் கப்பெஸ்தேர் ஊர் லா சுஃப்ரியேர் எரிமலையின் சரிவுப் பக்கம் இருக்கிறது. 1976இல் அது சீறியபோது 70,000 பேருக்கு மேல் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

வழிபாடு தோட்டத்துச் சிறு கொட்டகைகளில் நடந்தது. பூசாரிக்கு அருள் வரும். மார்த்தினிக்கில் அவர் தீட்டிய கத்தியின் விளிம்பில் ஏறி நிற்பார். பாட்டும் மந்திரமும் தமிழ், ஆனால் பாடுகிறவருக்கே பல சொற்களுக்குப் பொருள் தெரியாது. அம்மன் பூசையில் நாகூர் மீராவுக்கும் கொடி ஏற்றுகிறார்கள். கடல் தாண்டுகிறவர்களைக் காப்பவர் நாகூர் ஆண்டவர் என்ற நம்பிக்கை காரைக்கால் கரையில் மதம் பார்த்ததில்லை. அது அப்படியே கப்பலேறிவிட்டது. பூசை முடிந்து ஞாயிறு மாதா கோயிலுக்குப் போவதிலும் பலருக்குச் சங்கடம் இல்லை.

கையால் செய்கிற காரியங்களே நிலைத்திருக்கின்றன. அரைப்பது, தாளம் போடுவது, கிடா வெட்டுவது, வேண்டிக்கொள்வது ஆகியவற்றைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய காரணம், அண்டை வீட்டாருக்கும் இவை தேவைப்பட்டதுதான். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு சேர்த்து அரைத்த பொடியில் செய்யும் ‘கொலொம்போ’ இன்று குவாதலூப்பின் எல்லா வீடுகளிலும் சமைக்கும் உணவு. தமிழ் வழியில் வராதவர்களும் நோய் தீர மாரியம்மனிடம் நேர்ந்துகொள்கிறார்கள். தமிழ்ப் பேச்சு அக்கம்பக்கத்தில் யாருக்கும் தேவைப்படவில்லை. மேஸ்திரியின் ஏவல் கிரியோலில் வந்தது, பள்ளிக்கூடம் பிரெஞ்சில் நடந்தது.

பிரெஞ்சு கற்றதை இழப்பென்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த மண்ணில் பிறந்த இந்தியப் பிள்ளைகளுக்கும் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டும் என்று கப்பெஸ்தேரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904இல் தொடங்கிய வழக்கு 1923இல்தான் வெற்றி பெற்றது. அதை அவர் பிரெஞ்சில்தான் வாதாட வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் ஆண்ட கயானாவில் கதை சற்று வேறு. அங்கே சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் வட இந்தியர் நடுவே சிறு கூட்டம். ‘மதராசி’களின் காளி பூசையும் தப்பும் அங்கும் நிலைத்தன. அவர்கள் வழியில் வந்த மோசஸ் நாகமுத்து 2015 முதல் 2020 வரை நாட்டின் பிரதமராக இருந்தார்.

குவாதலூப்பில் இப்போது தமிழ் வகுப்பும் பரதநாட்டியமும் நடக்கின்றன. கப்பெஸ்தேரின் ஷாங்ஜி கோயில் சாலையோரம் வண்ணச் சிற்பங்களோடு நிற்கிறது. கூடவே, பலி கொடுப்பது தாழ்ந்த வழிபாடு, சமஸ்கிருத மந்திரம் சொல்வதே சரியான வழிபாடு என்ற எண்ணமும் இந்தியாவிலிருந்து போய்ச் சேர்ந்திருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளாக இங்கிருந்து ஒரு கடுதாசியும் போகாமல் காப்பாற்றி வைத்த வழிபாட்டுக்கு இங்கிருந்து போய்த் திருத்தம் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். தமிழ் சொல்லிக்கொடுக்க அங்கே போகிறவர்கள் கொஞ்சம் கிரியோல் கற்றுக்கொண்டு போகட்டும். பொருள் தெரியாமல் காப்பாற்றிய அந்தப் பாட்டுகளை, பாடத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே, முதலில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும்.