தணிப்பின் அளவும் தொழிலறிந்தோர் கடமையும்

வாழைச்சேனைக்கு வடக்கே, திருக்கோணமலை வீதியில் உள்ள கரையோரக் கிராமம் மாங்கேணி. அங்கிருந்து மீன்பெட்டிகளை ஏற்றிச் செல்லும் சிறு லொறி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். பாரம் கூடியதால் அதன் பின்பக்கம் தாழ்கின்றது. உரிமையாளர் ஸ்பிறிங்கில் மேலும் சில தகடுகளைச் சேர்க்குமாறு கராஜில் கேட்கின்றார். மெக்கானிக்கும் அவ்வாறே செய்து கூலி பெறுகின்றார். சொக் அப்சோபரைப் பற்றி எவரும் பேசவில்லை. கேட்டதைச் செவ்வனே செய்தவர் தம் கடமையை முடித்தவராவாரா?

ஸ்பிறிங் சக்தியைச் சேமித்துத் திருப்பித் தருவது. சொக் அப்சோபர் அச்சக்தியை எண்ணெயின் தடையால் வெப்பமாக்கித் தணிப்பது. ஒரே திணிவில் ஸ்பிறிங்கின் விறைப்பு 2 மடங்கானால், தணிப்பு விகிதம் மாறாதிருக்கத் தணிப்பு ஏறத்தாழ 1.41 மடங்காதல் வேண்டும். சுமக்கும் திணிவும் 2 மடங்காயின் தணிப்பும் 2 மடங்காதல் வேண்டும். தகடுகளின் உராய்வு சிறிது உதவுமாயினும் அது நம்பத்தக்கதன்று. தணிப்பு மிகினும் தீங்கே: அடுத்த பள்ளம் வருமுன் சில்லு மீண்டு இறங்காது.

அளவு என்பது எல்லார்க்கும் பொதுவான நடுப்புள்ளியன்று என்பதை அரிஸ்டோட்டில் மல்லன் மைலோவின் உணவைக் காட்டி விளக்கினார். 10 மினா மிகுதி, 2 மினா குறைவு என்பதனால் 6 மினா யாவர்க்கும் பொருந்திவிடாது. மைலோவுக்கு அது போதாது, பயிற்சி தொடங்குபவனுக்கோ அதிகம். லொறியின் நிலையும் இதுவே. பழைய சொக் அப்சோபரில் எண்ணெய் கசியவில்லை, எதுவும் உடையவில்லை. தன்னளவில் மாறாமலே அது தகுதியற்றதாயிற்று. ஆகவே, உரிமையாளரின் கண்ணுக்கு அக்குறை புலப்படாது. அதனை அறியக்கூடியவர் மெக்கானிக் ஒருவரே.

“அவர் கேட்டார், செய்தேன்” என்னும் நியாயம் இவ்விடத்தில் தளர்கின்றது. அறியாதவர் அளித்த சம்மதம் அரைச் சம்மதமே. மேடுபள்ளத்தில் ரயர் நிலத்தை விட்டெழும்போது பிரேக் பிடித்தும் லொறி உரிய தூரத்தில் நில்லாது. எதிரே சைக்கிளில் வருபவரோ எச்சம்மதமும் அளித்தவரல்லர்.

ஏழை உரிமையாளரிடம் புதிய சொக் அப்சோபருக்குப் பணமில்லை எனலாம். மறுத்தால் வேறொரு கராஜில் அவ்வேலை நடந்துவிடும் என்பதும் உண்மையே. ஆயினும், பிறர் செய்வர் என்பது தாம் செய்வதற்கு நியாயமாகாது. உண்மையை விளக்கி, இரண்டையும் ஒருங்கே மாற்றுவதற்குத் தவணைமுறையில் கூலி பெற மெக்கானிக் இசையலாம். அதற்கும் வழியில்லையெனின், தகடு சேர்க்காது, பழைய பாரத்தையே ஏற்றுமாறு சொல்லி லொறியை அனுப்புதலே தக்கது. அன்றைய கூலி அவருக்கு இல்லாமற் போகும்.