பிழையின் இருப்பிடம்

தை அமாவாசையன்று திருக்கடவூர்ச் சந்நிதியில் தியானத்தில் ஆழ்ந்திருந்த சுப்பிரமணிய பட்டரிடம் தஞ்சை மன்னர் சரபோஜி அன்றைய திதி யாதென வினவ, அவர் பௌர்ணமி என்று விடையிறுத்தார் என்பதும், அவர் பாடிய அந்தாதியின் 79-ஆம் பாட்டில் அம்பிகை அபிராமி தன் தாடங்கத்தை வானில் வீசி அவர் வாக்கை மெய்யாக்கினாள் என்பதும் காவிரிக் கரையில் குழந்தைகளும் அறிந்த ஐதிகம். பஞ்சாங்கத்தின்படி அந்த விடை பிழைதான். ஆனால் அம்பிகையின் முகவொளியன்றி வேறொன்றையும் காணாதிருந்தவர், தாம் கண்டதற்கு மாறாக அமாவாசை என்று சொல்லியிருந்தால், அதைச் சத்தியம் என்போமா? குற்றம் சொல்லிலேயே குடியிருக்கிறதா, சொல்பவனின் அந்தரங்கத்தில் குடியிருக்கிறதா என்னும் இந்த வினா, கணினியில் கதை எழுதுகிறவனுக்கு இன்று நாள்தோறும் எழுகிறது.

நீச்சல்காரன் ஆக்கிய ‘வாணி’ என்னும் பிழைதிருத்திக் கருவியும், சந்திப் பிழைகளுக்கென்றே அமைந்த ‘நாவி’யும் தமிழுக்குக் கிடைத்த அரிய உபகாரங்கள். பகுதியோடு விகுதியும் வேற்றுமை உருபும் ஒட்டிக்கொண்டே போகும் நம் மொழியில், சொல்லைப் பகுத்து, அகராதியோடும் விதிகளோடும் ஒப்பிட்டுப் பிழை காட்டுவது எளிய காரியமன்று. களைத்த கண் தவறவிட்ட ஒற்றை, சிறிதும் அகங்காரமின்றி எடுத்துக் காட்டும் அந்தச் சேவையை நான் நன்றியோடு ஏற்கிறேன்.

ஆயினும் ஓர் இடத்தில் தயங்குகிறேன். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்படுமா என்று குறுவைக்காரர்கள் ஏங்கியிருக்கும் நாளில், கடைமடைக் கிழவர் ஒருவர், “மேட்டூர் தொறந்துட்டாங்களா தம்பி? நாத்தெல்லாம் காயுதே” என்று கேட்கிறார். தொறந்துட்டாங்களா, நாத்தெல்லாம், காயுதே என்ற மூன்றும் அகராதிக்கு அந்நியமானவை. மூன்றின் அடியிலும் கோடு விழக்கூடும். திருத்தங்களை ஏற்றுக்கொண்டால், “மேட்டூர் திறந்துவிட்டார்களா தம்பி? நாற்றெல்லாம் காய்கிறதே” என்று ஆகும். இலக்கணம் நிலைக்கும், சேற்றில் கால் புதைய மடையருகே நின்ற கிழவர் இருக்க மாட்டார். தேவங்குடியில் பிறந்த தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ மாந்தரை இவ்வாறு திருத்தியிருந்தால், தஞ்சை மண்ணின் பேச்சு நமக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்துகொண்டே 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடுகள் தம்முள் வேறுபட்ட இடங்களில் பாடபேதங்களைப் பேணிக் காட்டினார். தமக்கு விளங்காத ஒன்றும் பொருளுடையதாயிருக்கலாம் என்னும் அடக்கம் அது. அதைப் புலமையினும் உயர்ந்த பக்தியாகவே நான் கருதுகிறேன்.

ஜீவர்களைப் படைத்தவன் அவரவர் பிராரப்தத்துக்கு ஏற்ற நாவையே அவரவர்க்கு அளித்தான்; எல்லார் வாயிலும் ஒரே மொழியைத் திணிக்கவில்லை. கதாசிரியனும் தன் சிறிய சிருஷ்டிக்குள் அத்தகைய பொறுப்புடையவன். எது தன் அஜாக்கிரதை, எது தன் பாத்திரத்தின் சத்தியம் என்று பிரித்தறியும் விவேகத்தைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டால், விளையும் குற்றம் அவனுடையதேயன்றிக் கருவியினுடையதன்று. ஆகையால் கதை சொல்பவனாக நானே பேசும் வாக்கியங்களில் அது காட்டும் கோடுகளுக்குப் பெரும்பாலும் பணிந்துவிடுகிறேன்; மாந்தர் வாய் திறக்கும் இடங்களிலோ, இவர் இதை இப்படித்தான் சொல்வாரா என்று அவரையே மனத்தில் நிறுத்திக் கேட்ட பின்னரே எதையும் மாற்றுகிறேன்.