கறுப்பு ராணி யார் கையில்?

எங்கள் தோட்டத்துக் கோயிலில் போன வருஷம் இரண்டு வெள்ளிக்கிழமை விளக்கு எரியவில்லை. கரங்கானிலிருந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டிய கோயில். பாட்டி காலத்தில் சுற்றிலும் ரப்பர் மரம், இப்போது செம்பனை. லயத்தில் இருந்த குடும்பங்கள் எல்லாம் பாடாங் செராய், கூலிம் பக்கம் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டன, எங்கள் குடும்பமும்தான். கோயிலைக் கூட்டுவது, விளக்கேற்றுவது, ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பது, எல்லாமே ஒரு தாத்தாதான். அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் சொன்னார்: "தாத்தா இருக்காரேன்னு எல்லாரும் விட்டுட்டோம்டா."

அந்த வாரம் நான் பல்கலைக்கழகத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பாடத்துக்காக நீரில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஏசி-1 என்று ஒரு கூட்டம் வந்தது. (குளிர்சாதனம் இல்லை, பெயரே அப்படித்தான்.) உலகத்தின் நன்னீர் ஏரிகளில் மிக அதிகமாக இருப்பவற்றில் இதுவும் ஒன்று. சில ஏரிகளில் மேல்நீரில் உள்ள பாக்டீரியாக்களில் பாதி வரைகூட இதுவே. ஆனால் இதன் மரபணுத் தொகுதி ரொம்பச் சின்னது. நம் குடலில் இருக்கும் ஈ.கோலையின் ஆய்வுக்கூட வகைக்கு 4.6 மில்லியன் எழுத்துகள் என்றால், இதற்கு ஏறக்குறைய 1.2 முதல் 1.5 மில்லியன்தான். சத்துக் குறைந்த ஏரித் தண்ணீரில் பிழைப்பதற்காக எத்தனையோ மரபணுக்களைக் கழற்றிப் போட்டுவிட்டது. சில வைட்டமின்களையும் அமினோ அமிலங்களையும் சொந்தமாகச் செய்யத் தெரியாது. அக்கம்பக்கத்தில் கசிவதை எடுத்துக்கொள்ளும்.

இதை ஆய்வுக்கூடத்தில் தனியாக வளர்க்கப் பல வருஷமாக முடியவில்லை. 2019-இல் தென்கொரியாவின் இன்ஹா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சோயாங் ஏரியிலிருந்து எடுத்த ஏசி-1ஐ வளர்த்துக் காட்டினார்கள். அவர்கள் சேர்த்தது கேட்டலேஸ் என்ற நொதி. வெயில் பட்டால் ஏரித் தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அது விஷம். கேட்டலேஸ் அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். தனக்கு வேண்டிய அளவு கேட்டலேஸை ஏசி-1 செய்துகொள்வதில்லை. ஏரியில் வேறு யாரோ அந்த வேலையைச் செய்வதால்தான் அதன் பிழைப்பு ஓடுகிறது.

இப்படி நடப்பதற்கு 2012-இல் மோரிஸ், லென்ஸ்கி, சின்சர் என்ற மூவர் ஒரு பெயர் வைத்தார்கள்: கறுப்பு ராணிக் கருதுகோள். 'ஹார்ட்ஸ்' சீட்டாட்டத்தில் இஸ்பேட் ராணி யாரிடம் வந்து சேர்கிறதோ அவருக்கு 13 புள்ளி தண்டனை. அதனால் எல்லாரும் அதை அடுத்தவர் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஆனால் யாராவது ஒருவர் வாங்கித்தான் ஆக வேண்டும்.

படித்ததும் தாத்தா ஞாபகம்தான் வந்தது.

ஆனால் ஒன்று. பாக்டீரியா இப்படி இருக்கிறது என்பதால் நாமும் இப்படி இருக்கலாம் என்றோ, கூடாது என்றோ சொல்ல முடியாது. அதற்குப் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. கேட்டலேஸ் செய்கிற பாக்டீரியாகூடத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் செய்கிறது, பக்கத்தில் இருப்பவன் பிழைப்பது உபரி. அதை நிஷ்காம கர்மம் என்று மேடையில் யாராவது பேசினால் நம்பாதீர்கள். பலனை எதிர்பார்க்காமல் இருக்க, முதலில் பலன் என்று ஒன்று இருப்பது தெரிய வேண்டுமே.

நம் ஆட்கள் அடிக்கடி சொல்வது 'சொந்தக் காலில் நில்' என்பது. நானும் அப்படியே நினைத்திருந்தேன். ஆனால் எஸ்.பி.எம். கணக்கை எனக்குக் கோயில் மண்டபத்தில் சும்மா சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஆசிரியர். பஸ் காசு சித்தப்பா கொடுத்தது. முழுக்கச் சொந்தக் காலில் நின்ற ஒருத்தரை நான் இதுவரை பார்த்ததில்லை. கழற்றிப் போட்டதும் குற்றமில்லை. விடியற்காலை நாலு மணிக்குப் பால் வெட்டப் போன வாழ்க்கையைப் பாட்டி விட்டதால்தான் நான் படிக்கிறேன். அண்ணனுக்குக் கூலிம் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். "வெள்ளிக்கிழமை எப்படிடா வர்றது?" என்று அவர் கேட்பது சாக்கு இல்லை.

அப்படியானால் எங்கே இடிக்கிறது? ஏரியில் அந்த நொதியைச் செய்ய ஒரே ஒரு இனம் மட்டும் இல்லை, பல இனங்கள் இருக்கின்றன. ஒன்று குறைந்தாலும் இன்னொன்று இருக்கும். அங்கே சார்ந்திருப்பது ஆபத்தில்லாமல் நடப்பதற்கு அந்தப் பன்மைதான் காரணம். நாங்கள் முப்பது குடும்பம் ஒரு தாத்தாவின் முழங்காலை நம்பி இருந்தோம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. பாக்டீரியா ஒரு மரபணுவை இழந்துவிட்டால் அது லேசில் திரும்பக் கிடைக்காது. எனக்குத் தேவாரத்தில் இரண்டு பதிகம்தான் மனப்பாடம், பண்ணோடு பாடத் தெரியாது. அப்பாவுக்குப் பத்தாவது தெரியும். ஒரே தலைமுறைதான். ஆனால் தாத்தா இருக்கிறவரை என்னால் கற்றுக்கொள்ள முடியும், பாக்டீரியாவுக்கு அந்த வசதி இல்லை.

விடுமுறையில் தாத்தாவைப் பார்க்கப் போனேன். "இனிமே நான் பார்த்துக்கிறேன் தாத்தா, சாவியைக் கொடுங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி கேட்டேன். சிரித்தார். "நீ மட்டும் பார்த்தா நாளைக்கு உனக்கும் காய்ச்சல் வரும்யா. போய்க் காப்பி போட்டுட்டு வா."

பாடாங் செராய் கடையில் நாலு சாவி வெட்டினேன். அண்ணன் ஒன்று வாங்கிக்கொண்டார், ஷிஃப்ட் இல்லாத வெள்ளிக்கிழமை மட்டும் என்றார். ஒன்று என் பழைய வகுப்புத் தோழியிடம், ஒன்று என்னிடம். நாலாவதை யாரிடம் கொடுக்கலாம் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.