எந்த வருஷத்துப் பழம்?



சாராயத்தால் சீரழிந்த வீடுகள் உள்ள பங்கில் சுவாமியார் மதுவைப் பற்றி எழுதுகிறாரே என்று முகம் சுளிக்க வேண்டாம். குடிப்பதைப் பற்றியன்று, தீர்ப்பிடுவதைப் பற்றியே எழுத வந்தேன்.

பிரான்சு தேசத்தில் போர்தோ பட்டணத்தைச் சூழ்ந்த தோட்டங்களில் சிவப்புத் திராட்ச இரசம் செய்கிறார்கள். அங்கே ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பேர் உண்டு. வெயிலும் மழையும் இசைந்து வந்தால் நல்ல வருஷம். பழம் பறிக்கும் வேளையில் மழை கொட்டினால் ஆகாத வருஷம். 1961 பெரும் புகழ் பெற்றது. அடுத்து வந்த 1962 நல்ல இரசம் தந்தும், கெட்டிக்கார அண்ணனுக்குப் பின் பிறந்த தம்பியைப்போல் வெகுகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

புது இரசத்தில் நம் மலைக் கடுக்காயைக் கடித்தாற்போல் ஒரு துவர்ப்பு உண்டு. பேர்பெற்ற வருஷத்து இரசத்தில் அது மிகுதி. அடங்கப் பத்திருபது வருஷமாவது செல்லும். எளிய வருஷத்தது பெரும்பாலும் முன்னதாகவே கனிந்துவிடும். விஷயம் தெரிந்தவர்கள் அதைக் குறைந்த விலைக்கு வாங்கி, நிறைந்த மனதோடு அருந்துகிறார்கள். எல்லாம் அப்படியென்று சொல்லமாட்டேன். 1963, 1965 வருஷத்து இரசங்கள் அநேகமாகத் தேறவேயில்லை. காலம் எல்லாவற்றையும் திருத்திவிடாது. ஆனால் புட்டியைத் திறவாமல் அதை எப்படி அறிவது?

திறந்தாலும் மோசம் போகலாம். ஃபிரெடெரிக் புரோஷே என்னும் போர்தோ ஆராய்ச்சியாளர் ஒரே இரசத்தை இரண்டு புட்டிகளில் ஊற்றி, ஒன்றில் உயர்ந்த சீட்டும் மற்றதில் மலிவான சீட்டும் ஒட்டிக் கொடுத்த சோதனை 2001-இல் வெளியாயிற்று. முதலாவதை மெச்சியவர்களே இரண்டாவதைக் குறை சொன்னார்களாம். சீட்டை வாசித்த கண்ணே நாக்குக்கும் தீர்ப்பு எழுதிக் கொடுத்துவிட்டது.

கானாவூர்க் கலியாணத்தில் பந்தி விசாரிப்புக்காரன், இரசம் எங்கிருந்து வந்ததென்று அறியாமலே ருசி பார்த்தான் என்று அர்ச். அருளப்பர் குறித்திருக்கிறார். கற்சாடித் தண்ணீர் என்று யாராவது முன்னமே காதில் ஓதியிருந்தால் வாயில் வைத்திருப்பானோ என்னவோ! பூசைக்குரிய இரசத்தைப் பற்றி 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம் 924-ஆம் பிரிவில் கேட்பதும், அது கலப்பற்ற திராட்சையினுடையதா, கெட்டுப்போகாததா என்பதே. எந்த வருஷத்துப் பழமென்று கேட்கவில்லை.

நம் ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்குகிறவர் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார், இடுப்பைத் தடவிப் பார்க்கிறார். மனுஷனிடம் மட்டும் நாம் அவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்வதில்லை. "எந்த வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டு முடித்துவிடுகிறோம்.

பிறரைச் சொல்வானேன்? முன்பு வேறொரு பங்கில் இருந்தபோது, வேலைக்கு நற்சான்றுக் கடிதம் கேட்டு ஒரு வாலிபன் வந்தான். தகப்பன் பேரைக் கேட்டேன். சொன்னான். குடிக்கும் அடிதடிக்கும் பேர்போன ஆள். எடுத்த பேனாவை மூடி வைத்து, "அடுத்த வாரம் வா, தம்பி" என்றேன். "சரிங்க சாமி" என்று கும்பிட்டுப் போனவன் திரும்ப வரவில்லை. அவன் நல்லவனா கெட்டவனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் கடிதம் கேட்டு வருகிறவர்களிடம் தகப்பன் பேரைக் கடைசியில்தான் கேட்கிறேன். பாரத்தில் அதற்கு முதல் வரியிலேயே இடம் விட்டிருக்கிறது.