சாராயக் காசும் ஆராய்ச்சியும்

கட்டுக்கரைக் குளத்தின் கீழ்ப் பெரும்போக அறுவடை முடிந்து கூலி கைக்கு வரும் நாள்களில், அதில் ஒரு பங்கு வீட்டுக்குப் போகாமல் தவறணைக்கோ கசிப்புக்காரனுக்கோ போய்விடுகிறது. இதைக் கண்டிக்க ஊரில் ஆள் குறைவில்லை. ஆனால் உழைப்பாளி ஏன் குடிக்கிறான், எவ்வாறு மீள்வான் என்று பொறுமையுடன் ஆராய்வோர் அரியர். அதற்குப் பணம் கிடைப்பது அதனினும் அரிது. அந்தப் பணத்தை மது விற்பவனே தர முன்வந்தால் ஏற்கலாமா?

மீன் விற்ற காசு நாறுமா என்று கேட்பவர்களை எளிதில் தள்ளிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையின் பெருஞ்செல்வங்கள் பல சாராயக் குத்தகையில் திரண்டவை என்பதைக் குமாரி ஜயவர்தன 2000இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டினார். அத்தகைய குடும்பமொன்றில் பிறந்த சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா, 1879இல் கொழும்பில் பிரசவ மருத்துவமனை ஒன்றை நிறுவினார். அங்கே பிறந்த எந்தக் குழந்தையும் சாராயத்துக்குச் சாதகமாக அழுததில்லை! அந்தத் தருமத்தை நான் பழிக்கமாட்டேன்.

ஆராய்ச்சியோ அப்படிப்பட்டதன்று. மருத்துவமனைக்குக் கொடுத்தவன் தன்னைப் பற்றித் தீர்ப்பு எதையும் எதிர்பார்ப்பதில்லை; மது ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் மது வணிகன், தன் வழக்கை விசாரிக்கும் நீதிபதிக்கே படியளக்கிறான்.

இது வெறும் ஐயமன்று. அமெரிக்காவில், தாமே குடியிலிருந்து மீண்டவரான செனட் உறுப்பினர் ஹரல்ட் ஹியூஸின் முயற்சியால், 1970இல் மதுப்பழக்கத்தை ஆராயும் அரசு நிறுவனம் ஒன்று பிறந்தது. பல்கலைக்கழக ஆய்வு மையங்களுக்கு மானியம் வழங்குவது அதன் பணி. அந்நிறுவனத்தின் அலுவலர்களே பின்னாளில் மதுக் கம்பனிகளை மறைவாக அணுகிப் பணம் கோரினர். நாளுக்கு ஒரு குவளை அருந்துவது இருதயத்துக்கு நல்லதா என்று சோதிக்கும் 10 கோடி டொலர்த் திட்டத்தில், பெரும்பங்கைக் கம்பனிகள் தருவதாயிற்று. இருதய நன்மை தென்படக்கூடும். புற்றுநோய்த் தீமை தென்படப் போதாது. சோதனையின் அமைப்பே அத்தகையது. செய்தி வெளியானபின், 2018 யூன் மாதத்தில் திட்டம் நிறுத்தப்பட்டது. ஒருவரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. கேள்வியைத் தெரிந்தெடுத்த இடத்திலேயே வேலை முடிந்துவிட்டது.

அப்படியானால் அரசின் பணம் தூயதா? மதுவரியில் திறைசேரியை நிரப்பும் அரசும் ஒருவகை விற்பனையாளன்தான். இருப்பினும் ஒரு வேறுபாடு உண்டு. அந்த வரி கொடையன்று. குடித்தவனின் கூலியிலிருந்து எடுத்தது. தன் காசைத் தன் நோயை அறியச் செலவிடுமாறு கேட்பது அவன் உரிமை. கம்பனியிடம் அவ்வுரிமை செல்லாது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபையை அமைத்தது. அதற்கென ஒரு நிதியத்தையும் ஏற்படுத்தியது. மதுவரியின் ஒரு பங்கைச் சட்டத்தாலேயே ஆராய்ச்சிக்கு ஒதுக்கி, எதை ஆராய்வது என்ற முடிவில் விற்பவனுக்கு வாயில்லாமற் செய்யவேண்டும்.

கேள்விகளுக்கோ பஞ்சமில்லை. கூலி கொடுக்கும் நாளில் கடை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது? போரில் இடம்பெயர்ந்து 2009க்குப் பின் திரும்பிய குடும்பங்களில் குடி எப்போது புகுந்தது? கள் குறைந்தால் பனையேறும் தொழிலாளி எதைக்கொண்டு வாழ்வான்? இவற்றை முதலில் கேட்கவேண்டியவர்கள், கடன் கொப்பியோடு கடை வாசலில் நிற்கும் கட்டுக்கரைப் பெண்கள்.